ட்ரிக்ஸிக்கு நீ இருந்தாய்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் இன்று காலை ஈரலையும் கேழ்வரகு மாவையும் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லையாம். அந்த வாசனை மாடிப்படி ஏறி என் சமையலறைக்குள் வந்தது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாசனைக்கு எனக்கு உன் முகம் முதலில் வருவதில்லை. அடிவயிற்றில் பயம்தான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னால்தான் நீ வருகிறாய்.

நாம் பிரேசர் டவுன் துணி ஏற்றுமதி அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் டைப் அடித்த காலம். தொண்ணூற்று மூன்றாக இருக்கலாம். கல்யாணமாகி வேலூரிலிருந்து தொம்மலூருக்கு வந்தவள் நான். கன்னடம் தெரியாது, பஸ் நம்பர் தெரியாது, யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியாது. நீ ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருந்தும் முதல் நாளே "சாந்தி, ஊட்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் விழித்ததைப் பார்த்து, "சாப்ட்டியான்னு கேட்டேன் மா" என்று சிரித்தாய்.

உன் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்று நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே உன் ட்ரிக்ஸி நின்றிருந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்திருக்கும். நாட்டு நாயும் ஏதோ சீமை நாயும் கலந்தவள். சின்ன வயதில் தெரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட உடம்பு என்னுடையது. நாய் மூச்சு விட்டாலே எனக்குக் கால் நடுங்கும்.

"வா சாந்தி, அவ ஒண்ணும் பண்ண மாட்டா."

"கட்டிப்போடேன்."

"அவ வீட்டுல அவளை எதுக்குக் கட்டணும்? நீ வர்றவரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்."

நின்றாய். நான் உள்ளே வரும்வரை கேட்டைப் பிடித்தபடியே நின்றாய். உன் அம்மா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்து இறந்தார்கள். அண்ணன் துபாயில் இருந்தார். அந்தப் பழைய ஓட்டு வீட்டில் நீயும் ட்ரிக்ஸியும்தான்.

கடைகளில் நாய்க்கென்று பிஸ்கட்டும் பொட்டலத் தீனியும் வந்து எல்லோரும் வாங்கத் தொடங்கியிருந்த நேரம். நீ மட்டும் வாங்கவில்லை. மசூதித் தெருக் கறிக்கடையில் ஈரலும் இதயமும் நுரையீரலும் வாங்கி வருவாய். கேழ்வரகுக் கஞ்சியில் அதைப் போட்டு, பூசணியோ பீன்ஸோ கேரட்டோ சேர்த்து, உப்பு போடாமல் வேகவைப்பாய். வெங்காயம் அந்தச் சட்டியின் பக்கமே வரக்கூடாது. வெந்த எலும்பு கூடவே கூடாது, உடைந்து குடலைக் கிழித்துவிடும் என்பாய். மத்தியானம் தயிர், சில நாள் முட்டை. உண்ணி வராமல் இருக்க வேப்பிலை ஊறிய தண்ணீரில் குளியல், அதன் பிறகு வெயிலில் ஒரு தூக்கம்.

"சொறி வந்தா சொறியை மட்டும் பாக்கக்கூடாது சாந்தி. என்னா தின்னா, எங்க படுத்தா, யாரைப் பாத்து பயந்தா, எல்லாத்தையும் பாக்கணும்" என்று சொல்வாய். மனுஷருக்கே இப்படி யாரும் பார்ப்பதில்லையே என்று எனக்குத் தோன்றும்.

சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை. அலுவலகம் முடிந்து உன்னோடு வந்துவிடுவேன். வாசல் வெயிலில் பாயை விரித்து ட்ரிக்ஸியைப் படுக்கவைத்து, மூக்கிலிருந்து வால்வரை உன் இரண்டு கைகளாலும் தடவிப் பார்ப்பாய். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம். காதுக்குள் முகர்ந்து பார்ப்பது. விரல் இடுக்குகள். கடைசியாக வயிறும் மடியும். நான் எட்ட நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வாரா வாரம் எதுக்குப்பா?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாது. நாமதான் தேடணும்."

ஒரு சனிக்கிழமை உன் விரல்கள் ட்ரிக்ஸியின் மடியில் ஒரு இடத்தில் நின்றன. மறுபடியும் அதே இடத்துக்குப் போயின. நீ பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. உன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"சாந்தி, இங்க வா."

"நானா?"

"வா மா. நான் நெனைக்கறதுதானான்னு சொல்லு."

அன்றுதான் முதன்முதலாக ஒரு நாயைத் தொட்டேன். ட்ரிக்ஸியின் கடைசிக் காம்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், துவரம்பருப்பு அளவுக்கு ஏதோ உருண்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அவள் கடித்துவிடுவாளோ என்ற பயம் அந்த நேரத்தில் இல்லை. இது வேறு பயம்.

செய்தி தெரிந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். தடவினால் கட்டி கரைந்துவிடுமாம். உன் சர்ச் சிநேகிதி ஒருத்தி பச்சிலைப் பற்று சொன்னாள். நாட்டு மருந்தையும் இயற்கை உணவையும் அவ்வளவு நம்பியவள் நீ, ஒத்துக்கொள்வாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"கஞ்சியும் மஞ்சளும் உடம்பைத் தேத்தும் ஆன்ட்டி. கட்டியைக் கரைக்காது. இதுக்குக் கத்திதான்" என்று எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

கால்நடை மருத்துவர் அறுத்து எடுத்துவிடலாம் என்றார். அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தோம். உன் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. சத்தம் வராததுதான் பயமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனூ ஆகில்ல, ஹெதர்பேடி" என்றார். எனக்குக் கன்னடம் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் பயப்படாதே என்கிறார் என்று புரிந்தது. நீ அங்கேயே அழுதாய்.

வீட்டுக்கு வந்த ட்ரிக்ஸி தையலை நக்கிவிடாமல் இருக்க உன் பழைய பாவாடையை வெட்டி அவளுக்குச் சட்டை தைத்தாய். அவள் எதையும் தொடவில்லை. தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீயும் சாப்பிடவில்லை. ஈரல் வெந்த தண்ணீரை விரலில் தொட்டு அவள் உதட்டில் தடவியபடியே இருந்தாய். மறுநாள் சாயங்காலம் அவள் நாக்கு வெளியே வந்து உன் விரலை ஒருதரம் நக்கியது. "நக்கிட்டா சாந்தி, நக்கிட்டா" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாய். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்தாள் என்று தையல் பிரிக்கும்போது மருத்துவர் சொன்னார்.

பிறகு இரண்டு மூன்று வருஷங்கள் நன்றாகத்தான் போயின. ட்ரிக்ஸியின் ரோமம் மினுமினுத்தது. நான் நாற்காலியிலிருந்து கால்களைக் கீழே இறக்கிவைக்கப் பழகினேன்.

நீதான் மெலியத் தொடங்கினாய். கேட்டால் கோதுமைப்புல் சாறு குடிக்கிறேன், எண்ணெயை நிறுத்திவிட்டேன், அதனால்தான் என்றாய். நல்ல வெயிலிலும் சால்வை போட்டுக்கொண்டு அலுவலகம் வந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நெடி அடித்தது. ஒருநாள் உன் வீட்டில் கஞ்சிச் சட்டியை இறக்கப் போன நீ, இடது கையைத் தூக்க முடியாமல் சட்டியை அப்படியே விட்டாய். கஞ்சி தரையெல்லாம் ஓடியது. ட்ரிக்ஸி அதை நக்கப் போகவில்லை. உன் அருகில் வந்து நின்று உன் முகத்தையே பார்த்தாள்.

"என்னாச்சு? கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல சாந்தி. சும்னே, சும்மா சுளுக்கு."

"காட்டு."

சால்வையை எடுத்தாய். ரவிக்கையின் இடதுபக்கம் உள்ளிருந்து ஈரம் ஊறி மஞ்சள் கறை படிந்திருந்தது. அதற்குப் பிறகு நீ காட்டியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் காதுக்குள் உய்யென்று ஒரு சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"டாக்டர்கிட்ட போனியா?"

தலையை ஆட்டினாய், இல்லை என்று.

"கட்டிக்குக் கத்திதான்னு நீதானடி சொன்னே? ட்ரிக்ஸிக்கு அவ்ளோ அவசரமா ஓடினியே!"

நீ தரையில் கொட்டிய கஞ்சியைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நின்னாலே எனக்கு அம்மா கத்தினது கேக்குது சாந்தி. ரெண்டு வாட்டி போனேன். கேட்டுலேர்ந்தே திரும்பி வந்துட்டேன். பத்து போட்டா காஞ்சுடும், பத்தியமா இருந்தா அமுங்கிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு மெதுவாக, "ட்ரிக்ஸிக்கு நான் இருந்தேன் மா" என்றாய்.

மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் உன் கால்கள் நின்றுவிட்டன. ஒருகாலத்தில் நான் உன் வீட்டு கேட்டில் நின்றதுபோல. உன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு உள்ளே அழைத்துப் போனேன். நோய் எலும்புவரை போய்விட்டது என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ஓராண்டு முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மருந்து உனக்கு இன்னும் ஒரு கிறிஸ்துமஸைக் கொடுத்தது. தலைமுடி போன தலையில் என் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி, ட்ரிக்ஸியைப் பற்றி மட்டும் பேசினாய். அண்ணன் அவளைத் துபாய்க்குக் கொண்டுபோக முடியாது.

"உனக்கு நாய்னா பயம். தெரியும். உங்க வீட்டுல முட்டைகூட வாங்க மாட்டீங்க. அதுவும் தெரியும். ஆனா வேற யார்கிட்ட கேப்பேன்?"

சரி என்று சொன்னேன்.

நீ போனபிறகு ட்ரிக்ஸி தொம்மலூர் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாசல் மூலையில் சுருண்டு படுத்தாள். தயிர்ச்சாதம் வைத்தேன், பால் வைத்தேன். எழுந்து பார்க்கக்கூட இல்லை. அவள் விலா எலும்புகள் மேலெழுந்தன. இவளும் போய்விட்டால் உன்னிடம் என்ன சொல்வேன் என்று அந்த நாட்களில் எனக்குப் பயமாக இருந்தது. இறந்தவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று புத்தி கேட்டது. பயம் போகவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். ஈரல் வேகவைத்துக் கொடுத்தால்தான் தின்பாள் என்றேன். அவர் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான், பூஜை முடிக்காமல் காபி குடிக்காதவர். "உள்ள வேணாம். மாடியில மண்ணெண்ணெய் ஸ்டவ் வெச்சுக்கோ" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "கறி எங்க வாங்குவே? தனியாப் போவாதே, நானும் வரேன்" என்றார்.

நாங்கள் இருவரும் கறிக்கடை முன்னால் திருட வந்தவர்கள் மாதிரி நின்றோம். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். "நாய்க்குங்க" என்று மட்டும் சொன்னேன். மொட்டை மாடியில் சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரலை வெட்டினேன். குமட்டியது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றினேன். பூசணியைப் போட்டேன். உப்பு போடவில்லை. ஆறிய பிறகு அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு, ட்ரிக்ஸியின் பல்லுக்கு அருகில் கொண்டுபோனேன். கடிக்கப்போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விரலில் சூடான நாக்கு பட்டது.

அதன்பிறகு அவள் எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தாள். சனிக்கிழமைகளில் மாடியில் அவளைப் படுக்கவைத்துத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மடிக்கு வரும்போது என் கை வியர்க்கும். ஒன்றும் வரவில்லை. நன்றாகக் கிழவியாகி, பார்வை மங்கி, ஒரு மத்தியான வெயிலில் தூக்கத்திலேயே போனாள். என் கணவர்தான் அழுதார்.

போன வருஷம் குளிக்கும்போது என் மார்பில் ஏதோ விரலில் தட்டியது. ஈரத்தோடு அப்படியே நின்றேன். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம், தொடாமல் இருந்தால் இல்லையென்றே ஆகிவிடும் என்று மனசு சொன்னது. உன்னை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். பற்று போட்டது முட்டாள்தனம் என்று உன்மேல் எனக்கு இருந்த கோபம் அந்தக் குளியலறையில் போய்விட்டது. தலையைக்கூடத் துவட்டாமல் வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கும் கால் நின்றது. பேர் கூப்பிட்டபோது எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தேன். நீர்க்கட்டிதான், பயப்பட வேண்டாம், வருஷம் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள்.

இந்த வருஷமும் போய் வந்தேன். பயம் துளியும் குறையவில்லை. முதல்நாளே சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷமும் இப்படித்தான் இருக்கும், அப்படியேதான் போவேன். தைரியம் வரட்டும் என்று நீ காத்திருந்தாய். அது வராமலே போகலாம், பயந்துகொண்டே போகலாம். எனக்கு இது தெரிந்தபோது சொல்வதற்கு நீ இல்லை.