ராத்திரி உறையாத பனி

ஜனவரி 21, திருப்பாதிரிப்புலியூர்

நாளை கிளம்புகிறேன். மணாலியைத் தாண்டிப் போய் தம்பி சித்தார்த்தைக் கையோடு கூட்டி வர வேண்டும். பிப்ரவரி ரெண்டு, ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குப் பெண் பார்க்கக் குறிஞ்சிப்பாடி போகிறோம். போன் போட்டால் "வரேங்க்கா" என்கிறான். ரெண்டு வருஷமா அதையேதான் சொல்றான். இன்ஜினியரிங் படிச்சிட்டு, பனிமலையில டூர்காரங்களைக் கூட்டிக்கிட்டுத் திரியறான். அம்மா சிதம்பரத்தில் தனியாக. அந்தக் கோவத்தில் அம்மா அவனோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது.

இந்தத் தடவை காதைப் பிடிச்சு இழுத்தாவது கொண்டாருவேன். "ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோ, கோவத்தை இங்கயே வெச்சிட்டுப் போ" என்கிறார் வீட்டுக்காரர். இவருக்கு எப்பவும் கிண்டல்தான்.

ஜனவரி 25

வந்து சேர்ந்தேன். ரோடு பாதியில் பனிக்குள் போய்விட்டது, மீதி நடை.

அம்மாடி! என்னத்தை எழுத? நிமிர்ந்து பார்த்தால் பாதி வானம் வரைக்கும் வெள்ளை. சத்தமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. "மொத நாள் எல்லாரும் அழுவாங்கக்கா" என்று சிரிக்கிறான் தம்பி.

ஜனவரி 27

பனி. பனி. ஜன்னலில் பாதியை மூடிவிட்டது.

ஜனவரி 29

வெயில்! என்னா வெயில்! ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டேன். புயல் கரையைக் கடந்த மறுநாள் கடலூரில் அடிக்குமே, அதே வெயில். அது வந்துவிட்டால் தெருவே வெளியே வரும், கடையெல்லாம் திறப்பார்கள். நானும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஆனால் நம்ம தம்பித் துரை, "யாரும் நகரக் கூடாது" என்கிறான். சென்னையிலிருந்து டூர் வந்த ஆறு பேரையும் உட்கார வைத்துவிட்டான். வெயில் வந்தால்தான் இங்கே பயமாம். புதுப் பனியில் சூடு ஏறினால் அடியில் பிடிப்பு விட்டுவிடுமாம். ராத்திரி நன்றாக உறைந்தால்தான் மலை கெட்டியாக நிற்குமாம். நேற்று ராத்திரி முழுக்கக் கூரை சொட்டிக்கொண்டே இருந்தது. நான் சுகமாகத் தூங்கினேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டு தூங்கவே இல்லை. நாங்கள் இறங்க வேண்டிய வழி ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டிப் போகிறது. பள்ளத்துக்கு மேலே அத்தனை பனியும் நிற்கிறது.

எனக்கு வந்துச்சே கோவம்! "கல்யாணத்துக்குப் பயந்துக்கிட்டு மலையைச் சாக்கு சொல்றியாடா?"ன்னு கத்திட்டேன். அவன் கூரை சொட்டறதைப் பார்க்க வெளிய போயிட்டான்.

ஜனவரி 30

நடந்ததை அப்பிடியே எழுதிடறேன்.

இன்னைக்கும் வெயில், இன்னைக்கும் கூரை சொட்டல். ஃப்ளைட்டு போயிடுமேன்னு காலையில நானே தனியாக் கிளம்பிட்டேன். சமதரையில கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். காலுக்கு அடியில 'தொம்'முன்னு ஒரு சத்தம். பெரிய மெத்தையில யாரோ உக்காந்த மாதிரி. என்னைச் சுத்திப் பனி மொத்தமா, அடியில பிடிப்பு விட்டு, ஒரு விரக்கடை இறங்குச்சு. பின்னாடி தம்பி குரல் — "அக்கா, அப்பிடியே நில்லு." வந்து மணிக்கட்டைப் பிடிச்சான். என் கால் வெச்ச தடத்துலயே என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தான். திட்டவே இல்ல. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் அது வந்தது.

பள்ளத்துக்கு மேலே மலையின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் நகர்ந்தது. மெதுவாத்தான் தெரிஞ்சது, அப்புறம் இடிச் சத்தம் நெஞ்சுக்குள்ள கேட்டது. மரமெல்லாம் படுத்துச்சு. வெள்ளைப் புகை எழும்பி வெயிலையே மறைச்சிடுச்சு. எங்க தலையில பனித்தூள் கொட்டுது. நடராஜர் சன்னதியில திரை விலகறப்போ நிப்பேனே, அப்பிடியே கைகூப்பி நின்னேன். இவ்ளோ அழகா ஒண்ணை நான் பார்த்ததே இல்ல — ஐயோ, அழகுன்னு எழுதறேனே! அதுக்கு அடியில நானில்ல கெடந்திருப்பேன்?

புகை அடங்கியபோது பள்ளமே இல்லை. நிரம்பிவிட்டது.

தம்பி ஒவ்வொருத்தர் பேராகக் கூப்பிட்டான். கடைசியாக "அக்கா." "இருக்கேன்டா" என்றேன். தரையில் உட்கார்ந்து அழுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று குளிர் திரும்பியது, கூரை சொட்டுவதும் நின்றது. இன்று விடியும் முன்பே இறங்கினோம், ஒவ்வொருத்தராக, இடைவெளி விட்டு. முறிந்த மரங்கள் நீட்டிக்கொண்டிருந்த பனியை மிதித்துக் கடந்தேன். கல்லாக இருந்தது. சாமி எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே நடந்தேன்.

குறிஞ்சிப்பாடிக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். போகட்டும்.

பஸ் ஏற்றிவிட்டான். அடுத்த கூட்டம் காத்திருக்கிறதாம். ஊருக்கு வாடா என்று நான் கூப்பிடவே இல்லை.

பிப்ரவரி 6, சிதம்பரம்

"எங்கடி அவன்?" — வாசலிலேயே அம்மா. விட்டுட்டு வந்தேன் என்றேன். நான் தனியாகக் கிளம்பியது, பனி இறங்கியது, ராத்திரி பனி உறையாததால் அவன் தூங்காதது, எல்லாம் சொன்னேன். அம்மா பையை எடுத்துக்கிட்டு கீழவீதிக்குக் காய் வாங்கப் போயிடுச்சு.

பிப்ரவரி 9

காலையில் அம்மா என் போனை வாங்கித் தானே அவனுக்குப் போட்டது. ஒரு வருஷத்துக்கு அப்புறம். "அம்மாவா?" என்று அவன் குரல் வெளியே வரை கேட்டது. கல்யாணப் பேச்சை எடுக்கும், இல்லை அழும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"ராத்திரி அங்க நல்லா உறைஞ்சிதாடா?"

"உறைஞ்சிதும்மா."

"சரி. அப்ப வேலைக்குக் கிளம்பு."