லேமினேட் செய்த பட்டம்

ஜூன் 4
இன்று என் மானம் சான்றிதழ் சரிபார்ப்பு அலுவலகத்தின் எட்டாம் எண் கவுன்ட்டரில் கப்பலேறியது. மகளின் பட்டச் சான்றிதழ் கசங்கிவிடக் கூடாதே என்று போன வாரம் லேமினேட் செய்துவைத்தேன் - இரண்டு பக்கமும். சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டிய குமாஸ்தா அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.
"இதுல எப்படி சார் சீல் குத்துறது? வழுக்கிக்கிட்டு ஓடுமே! யாரு பாத்த வேலை இது?"
கையைத் தூக்கினேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு வகுப்பில் கை தூக்கிய பழக்கம் போகவில்லை.

ஜூன் 5
இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் பிளாஸ்டிக் பிரியும் என்றேன். பிரிந்தது. துணைவேந்தரின் கையெழுத்தும் கூடவே வந்துவிட்டது.


ஜூன் 9
மகளுக்கு நேர்காணல். இயந்திரங்களில் பழுது கண்டுபிடிக்கும் ஆப் செய்கிற கம்பெனியாம். கருகிய காகிதத்தை ஃபைலின் அடியில் ஒளித்துக்கொண்டு போனாள். நான் வேலையில் லிஃப்ட் கதவைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவை அரைமணி நேரம் தேடினேன். வாயில்தான் இருந்தது.
மாலையில் சிரித்துக்கொண்டே வந்தாள்.
"ஃபைலைத் திறக்கவே இல்லப்பா. நான் படிச்சதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே செய்யுதாம். வேற என்ன தெரியும்னு கேட்டாங்க. எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக், சத்தத்தை வச்சே பழுதைச் சொல்லிடுவார்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க!"
"அப்ப காலேஜ் எதுக்கு? என் டூல் பையைத் தூக்கிட்டு வந்திருக்கலாமே?"
"பட்டம் இல்லாட்டி கூப்பிடவே மாட்டாங்கப்பா. இருந்தா பாக்க மாட்டாங்க."
இதைப் புரிந்துகொள்ள நாலு வருஷம் ஆகும்தான்.

ஜூன் 17
தினமும் மாலை பாடம். அவள் ஃபோனில் ஏதாவது ஒரு லிஃப்ட் கத்தும். ரோலர் தேய்ஞ்சிருக்கு, பிரேக் ஒட்டுது என்று நான் சொல்வேன். வாழ்க்கையில் முதல் முறையாக நூற்றுக்கு நூறு.

ஜூன் 23
எங்கள் சூப்பர்வைசர் எல்லாரையும் கூட்டினார்.
"புது ஆப் வாங்கப் போறோம். லிஃப்ட்ல போனை வச்சா போதும், அதுவே கேட்டு பழுதைச் சொல்லிடும். இனிமே பத்துப் பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும்."
ஆப் செய்யும் கம்பெனியின் பெயரைப் பலகையில் எழுதினார். மகளின் அடையாள அட்டையில் இருக்கும் அதே பெயர்.
ஆப் வருகிறது என்றதும் முதலில் கை தட்டியவன் நான்தான்.

ஜூன் 24
வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. ஆறு மாடியும் படியேறினேன். ஏன்?

ஜூன் 26
"எல்லாம் சொல்லிட்டீங்களாப்பா? நாளைக்கு இந்த லிஸ்ட்டை ஆபீஸ்ல கொடுத்துட்டா என்னை நிரந்தரமாக்கிடுவாங்க."
இதுவரை முப்பத்தொரு சத்தம். முப்பத்திரண்டாவது தொண்டை வரை வந்தது. ஆள் இல்லாத லிஃப்ட் பெட்டி, மாடி வந்து நிற்கப்போகும் நேரத்தில் மெல்ல முனகும். ஆபத்தில்லாததுதான். ஆனால் காரணம் தெரியாமல் மற்ற மெக்கானிக்குகள் இரண்டு நாள் சுற்றுவார்கள். எனக்கு ஐந்து நிமிஷம்.
அவள் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம்!
"அவ்வளவுதாம்மா," என்றேன்.
அந்த முனகலின் காரணத்தை இந்த நோட்டில்கூட எழுதப்போவதில்லை.