தாயத்துக்குள் இருந்த கட்டம்

3.2.1986, அரூர்

பாப்பாவுக்குச் சளி. மூச்சு கரகரக்கிறதா என்று இப்போதுதான் காது வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் மறுபடி போய்ப் பார்ப்பேன். என் புத்தி அப்படி.

மாமியார் இன்று ஒருவழியாகச் சரி என்றார். "மத்தியானம் கொஞ்ச நேரம், நம்ம வூட்டுக் கூடத்துலயே வெச்சுக்க. தெருவுல ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திப்புடணும்."

பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டுப் பால் புட்டி கழுவிக்கொண்டிருப்பவள், தெருப் பெண்களுக்கு எண் கட்டம் சொல்லித்தரப் போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் கேட்டது இது ஒன்றுதான். நிலைக்குமா?

5.2.1986

வந்தார்கள்! தையல் மிஷின் வைத்திருக்கும், தெருவுக்கே அக்காவான ரஹமத் ஆபா, பக்கத்து வீட்டு மாதம்மாள், இன்னும் சிலர். மாதம்மாள் இருப்பதால் உருது வேண்டாம், தமிழ்தான் என்று முடிவாயிற்று.

நாலுக்கு நாலு கட்டம். குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் ஒன்று முதல் நான்கு வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு தடவைதான் வரவேண்டும். சில எண்களை நான் போட்டுத் தருவேன், மீதியை அவர்கள் நிரப்பவேண்டும். கூட்டல், கழித்தல் கிடையாது.

"கணக்கே இல்லாத கணக்கா? அப்ப நான் பாஸுதான்" என்றாள் மாதம்மாள்.

பாஸாகவில்லை. குறுக்கே பார்த்தவர்கள் நெடுக்கே பார்க்க மறந்தார்கள். ரஹமத் ஆபா என்னிடம் காட்டாமலே தாளை மடித்து எடுத்துப் போய்விட்டார்.

12.2.1986

கட்டத்தை நான்கு அறைகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு அறைக்குள்ளும் நான்கு எண்களும் வரவேண்டும். விதி கூடினால் மிரளுவார்கள் என்று பயந்தேன். மாதம்மாள் சொல்கிறாள்: "ரூம்பு வெச்சா சுலுவாத்தான் இருக்குது. அதுங்களுக்கு ஒளிய எடமில்ல."

எந்தப் பேராசிரியரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. அடுத்தது மூலைக்கு மூலை. சாய்வுக் கோட்டிலும் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது.

20.2.1986

எல்லாம் போச்சு.

மத்தியானம் தீர்த்தமலையிலிருந்து சின்னம்மாள் என்று ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். இடுப்பில் காய்ச்சலோடு குழந்தை. "எண்ணுத் தாயத்து எழுதற பொண்ணு வூடு இதுதானுங்களா?"

உள்ளே உட்காரவைத்து விசாரித்தேன்.

ரஹமத் ஆபா மகனுக்குப் போன வாரம் காய்ச்சல். முதல் நாள் மடித்து எடுத்துப்போன தாளைத் தாயத்துத் தகட்டுக்குள் வைத்து அவன் கழுத்தில் கட்டியிருக்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத் எழுதித் தரும் தாயத்திலும் கட்டமும் எண்ணும்தானே இருக்கும்? ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்திருக்கிறார். ஆனால் காய்ச்சல் விட்ட பெயர் என் கட்டத்துக்கு.

சின்னம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். திரும்பினால் என் வீட்டுக்காரர் கடையைப் போட்டது போட்டபடி வந்து நிற்கிறார். "கடையிலயே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க வஹிதா. பள்ளிவாசல் வரைக்கும் போனா நான் என்னன்னு பதில் சொல்றது?"

மாமியார் ஒரே வார்த்தை: "நிறுத்திடு."

நான் என்ன பண்ணினேன்? யாரை ஏமாத்தினேன்? அந்தக் குழந்தை என் தாளை நம்பி மருந்தில்லாம கெடந்திருந்தா — ஐயோ, அதை நினைக்கவே முடியல.

21.2.1986

வகுப்பு இல்லை. பாப்பா துணி, பாப்பா கஞ்சி, பாப்பா துணி.

22.2.1986

காலையில் மாமியாரிடம் கேட்டேன்: இன்று ஒரு நாள் மட்டும், நீங்களும் உட்காருங்கள், அப்புறம் நீங்கள் சொல்வதுதான். தஸ்பீஹ் மணிமாலையோடு வந்து உட்கார்ந்தார்.

"ஆபா, அந்தத் தாளைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா?" என்றேன். மகனையும் கூட்டி வந்திருந்த ரஹமத் ஆபா அவன் கழுத்துத் தகட்டைக் கையால் மூடிக்கொண்டார். தாயத்தைப் பிரிக்கலாமா?

மாதம்மாள் விடவில்லை. "பிரிங்கக்கா. உள்ள இருக்கறது உங்க கையெழுத்துதான?"

பிரித்தார். அவர் விரல் தானாகவே குறுக்கே போயிற்று, பிறகு நெடுக்கே இறங்கிற்று, நின்றது.

"அடியே வஹிதா! இந்த நெடுக்குல மூணு ரெண்டு தடவ வந்திருக்குது! தப்பு! தப்புக் கட்டத்தையா எம்புள்ள கழுத்துல கட்டுனேன்?"

கூடமே சிரித்தது. ஆபாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. பென்சில் வாங்கி அங்கேயே திருத்தினார். ஒரு கட்டத்தை மாற்றினால் பக்கத்துக் கட்டமும் மாறும் என்று எனக்கே விளக்கினார்!

மாமியார் தஸ்பீஹை மடியில் வைத்தார். "இது தாயத்து இல்லேன்னு தெருவுக்கு ரஹமத்தே சொல்லட்டும். அவ சொன்னா பஸ்ஸேறி மொரப்பூர் வரைக்கும் போவும்." பிறகு என் பக்கம் பார்க்காமலே, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.

ஜெயிச்சுட்டேன். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதுகூடக் கைதட்டல் மாதிரி கேட்கிறது.

1.3.1986

இவர் கடையிலிருந்து ஒரு கட்டு சிலேட்டுப் பலகை கொண்டுவந்தார். "இதுல எழுது. எவ கழுத்துல கட்டறான்னு பாக்கறேன்."

16.3.1986

இப்போது கோணல் அறைகள். சதுரமாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகும், விதி அதேதான். பயந்தவர் ஒருவரும் இல்லை.

இன்று மாதம்மாளும் ரஹமத் ஆபாவும் சேர்ந்து எனக்கே ஒரு கட்டம் போட்டார்கள். "டீச்சரம்மா, போடுங்க பாப்போம்!" சுற்றி நின்று ஒரே கேலி. அழித்து அழித்து எழுதினேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பாப்பா எப்போது விழித்தாள், எப்போது அழுதாள், யார் போய் எடுத்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது.

என் தோளுக்குப் பின்னாலிருந்து, பாப்பாவைத் தட்டிக்கொடுத்தபடியே மாமியார் சொன்னார்:

"அந்த மூலையில நாலு வராதுடி."

வரவில்லைதான். இரண்டு.