மார்ச்சுக்குள் ஒரு வீடு

ஜனவரி 6, திங்கள்

யோலாந்தாவின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் எனக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள உரிமையுள்ள ஒரே அறை இதுதான்.

சாந்தியாகோவுக்கு வந்து ஒன்பது நாள். நுன்யோவா பகுதியில், என் நாத்தனார் யோலாந்தாவின் வரவேற்பறையில் நாங்கள் நால்வர். நான், என் கணவன் நிபால்தோ, பதினொரு வயது அம்பாரோ, ஐந்து வயது செலேஸ்தெ. இரண்டு மெத்தை, ஒரு மின்விசிறி. அந்த விசிறியும் யோலாந்தாவின் பூனை பக்கம்தான் திரும்பியிருக்கும். வெளியே ஜனவரிக் கோடை, முப்பத்து நான்கு டிகிரி. தெற்குக் கோடியில், நாங்கள் விட்டு வந்த புந்தா அரேனாஸில், கோடையிலும் ஸ்வெட்டரோடு திரிந்த பிள்ளைகள். நேற்று செலேஸ்தெ பிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நாத்தனார் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி எழுத இன்று தெம்பில்லை.

நிபால்தோவுக்கு நல்ல வேலைதான். காப்பீட்டு அலுவலகம், மலைப் பக்கத்துப் பணக்காரப் பகுதியான லாஸ் கொன்தெஸில், பதினோராவது மாடி. மார்ச் முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி. அதற்குள் வீடு வேண்டும். வீட்டை யார் தேடுவது? வேலை இல்லாதவள். அதாவது நான். பதினான்கு வருடம் ஆய்வகத்தில் அடுத்தவர் ரத்தத்தை எடுத்தேன். இப்போது தரகர்கள் என் ரத்தத்தை எடுக்கிறார்கள்.

ஜனவரி 9

'குடும்பங்களுக்கு ஏற்றது' என்று விளம்பரம். பதினான்காவது மாடி. தரகனின் ஷூ அப்படி மின்னியது.

"குழந்தைங்க சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டான்.

"குழந்தைங்க வேற என்ன போடுவாங்க?"

விளையாட்டு அறை உண்டாம். பூட்டியிருந்தது. காவலாளியிடம் சாவி கேட்டால், சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரம்! சிறையில்கூட அதைவிட அதிக நேரம் வெளியே விடுவார்கள்.

படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் அடுக்களை. ஒருவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "அம்மா, அவரு உப்பு போட மறந்துட்டாரு" என்றாள் அம்பாரோ.

ஜனவரி 10

மூன்று வீடுகள். மூன்றும் வேண்டாம். கால் வீங்கிவிட்டது.

ஜனவரி 13

இந்த ஊரில் எல்லோரிடமும் எங்களுக்காக ஒரு புறநகர் தயாராக இருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் ஒன்று, மருந்துக் கடைக்காரியிடம் ஒன்று, ரொட்டி வாங்கும் வரிசையில் பின்னால் நின்றவரிடம் இரண்டு. அங்கே திருட்டு, இங்கே புகை, அந்தப் பக்கம் பள்ளி சரியில்லை, இந்தப் பக்கம் பள்ளி இருக்கிறது, இடமில்லை.

சாயங்காலத் தேநீரில் யோலாந்தா பாடம் நடத்தினாள்.

"இந்த ஊர்ல, ஒத்திலியா, மலைப் பக்கம் எவ்வளவு தூரம் போறியோ அவ்வளவு மரியாதை. மேற்கால போயிட்டீன்னா, நாளைக்கு உன் பொண்ணுங்க வேலைக்கு மனு போடறப்போ, முகவரியைப் பாத்தே ஓரமா வச்சிருவாங்க."

"நாங்க தேடறது வாடகை வீடா, சொர்க்கத்துல இடமா?"

"சிரி, சிரி. பத்து வருஷம் கழிச்சு நான் சொன்னதை நெனச்சுப்ப."

நிபால்தோ ஒரே ரொட்டித் துண்டின் மேல் மூன்று முறை அவகாடோ தடவினான். எனக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் இவனுக்குத் தடவ ஏதாவது கிடைத்துவிடுகிறது.

ஜனவரி 17, வெள்ளி

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நினைக்கவே பயமாக இருக்கிறது.

மைப்பூ. ஊரின் மேற்குக் கோடி. மெட்ரோவின் கடைசி நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து நிறுத்தம். ஓட்டு வீடு, மூன்று அறை, பின்னால் முற்றம். உரிமையாளர் ஒர்த்தென்சியா கெசாதா, அறுபது வயதிருக்கும், பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளை முற்றத்தில் உட்காரவைத்து விசாரணை நடத்தினார்.

"நீ சுவத்துல கிறுக்குவியா?"

செலேஸ்தெ என்னைப் பார்த்துவிட்டு, "எப்பவாச்சும்" என்றாள்.

"சரி. பின்பக்கச் சுவர் உனக்கு. முன்பக்கம் என்னோடது."

பள்ளி இரண்டு தெரு தள்ளி. தலைமையாசிரியை மாடிப்படியில் நின்றபடியே பேசினார்: இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது, இந்தப் பகுதி முகவரியை மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒர்த்தென்சியாவும் முப்பத்தொன்று வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு குடும்பம் காத்திருக்கிறதாம்.

திரும்பும்போது மெட்ரோவில் அம்பாரோ என் தோளில் தூங்கிப்போனாள். வந்ததிலிருந்து அவள் பகலில் நிம்மதியாகக் கண்மூடியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 18

நிபால்தோவிடம் சொன்னேன். முகம் சுருங்கியது.

"மைப்பூவா?"

"மைப்பூதான்."

"அங்கேர்ந்து ஆபீசுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், ஒத்திலியா. போக ஒண்ணேகால், வர ஒண்ணேகால். பிள்ளைங்க தூங்குறதத்தான் பாப்பேன்."

அதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்று சொல்லமாட்டேன். அவன் நிற்கப்போகிற மெட்ரோவில் நான் நிற்கப்போவதில்லை. ஆனால் அவன் மைப்பூ என்று சொன்ன விதம், நாக்கில் ஏதோ பட்டதுபோல... அது தூரத்தைப் பற்றியது அல்ல. பதினைந்து வருடமாகத் தெரியும் இந்த மனுஷனை.

அடுத்த அறையில் யோலாந்தா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். கேட்பதற்காகத்தான்.

ஜனவரி 21

லாஸ் கொன்தெஸில் அவனே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். போனேன். ஒரு படுக்கையறை. மற்றது 'படுக்கையறையாக மாற்றிக்கொள்ளக்கூடிய' இடமாம். துணி துவைக்கிற இயந்திரம் வைக்கும் மாடம் அது. யாரை மாற்றி வைப்பது அங்கே? அம்பாரோவையா?

ஜனவரி 23

எழுதினால்தான் கோபம் அடங்கும்.

நேற்று அம்பாரோவை அவன் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தான். இன்று தலை பின்னிவிடும்போது கேட்டாள்.

"அம்மா, நாம லாஸ் கொன்தெஸ்லயா இருக்கோம்?"

"ஏன் கேக்கற?"

"மகரேனா ஆன்ட்டி எங்களைக் கார்ல கொண்டுவந்து விட்டாங்க. ஒரு பெரிய கட்டடம், கேட்டுல அப்பா எறங்கிட்டாரு. 'உள்ள போற மாதிரி நில்லு, கார் திரும்பட்டும்'னு சொன்னாரு. அப்புறம் நடந்து மெட்ரோவுக்குப் போனோம். எறங்கறதுக்கு முன்னாடி ஆன்ட்டி எத்தனாவது மாடின்னு கேட்டாங்க. அப்பா என்னைப் பாத்தாரு. நான் ஆறுன்னு சொன்னேன்."

ஆறு என்றாளாம். என் பெண்.

மகரேனா அவனோடு வேலை பார்ப்பவள். தினமும் சாயங்காலம் காரில் கொண்டுவந்து விடுகிறாள் என்று தெரியும். எங்கே கொண்டுவந்து விடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. யாராவது இதைக் கேட்பார்களா?

ஜனவரி 24

பால்கனியில் பிடித்தேன். ஒரு துணி உலர்த்தும் கொடி, ஒரு பூனை மணல் தொட்டி, நாங்கள் இருவர்.

"பொய் சொல்றியா, சொல்லித் தொலை. என் பொண்ணை எதுக்குடா சொல்ல வைக்கிற?"

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல் நாள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்களாம், எந்தப் பள்ளியில் படித்தாய், எந்தப் பகுதியில் இருக்கிறாய் என்று. பள்ளிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னான், அரசுப் பள்ளி என்று. மேசையே ஒரு நொடி அடங்கிப்போனதாம். "அடுத்த கேள்விக்கு என் வாய் தானா லாஸ் கொன்தெஸ்னு சொல்லிருச்சு, ஒத்திலியா. அப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறதுன்னே தெரியல."

"அதுக்காக நாலு பேரும் துணி துவைக்கிற மாடத்துல போய்ப் படுக்கணுமா?"

பால்கனியில் அவனுக்குத் தடவ ரொட்டி இல்லை.

அவன்மேல் கோபம் ஒரு பக்கம். அந்தக் கேட்டின் முன்னால் வெயிலில், யாரோ வீட்டுக்குள் போவதுபோல் அவன் நிற்கிறதை நினைத்தால்... போதும். இரக்கப்பட நேரமில்லை எனக்கு.

ஜனவரி 27

பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் செலேஸ்தெ வழியாகக் கேட்கிறோம்.

ஜனவரி 29

ஒர்த்தென்சியா போன் செய்தார். "என்னம்மா, முடிவு?"

"வெள்ளிக்கிழமை வர்றேன்."

"ரெண்டு பேருமா?"

"நான் வர்றேன்" என்றேன். "சரி, வா" என்றார். அவனில்லாமலே கையெழுத்துப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மைப்பூவில் ஒரு ஆய்வகத்துக்கு மனுவும் போட்டாகிவிட்டது. அவன் வேண்டுமானால் தன் அக்கா வீட்டுப் பூனையோடு விசிறியைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

ஜனவரி 30, வியாழன்

ஏழு மணிக்கு வர வேண்டியவன் வரவில்லை. எட்டரைக்கு வந்தான். கோடை, இன்னும் வெளிச்சம் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்து, ஆறு நாளில் முதன்முதலாகப் பேசினான்.

மகரேனா வழக்கம்போல் அந்தக் கேட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். இவன் வழக்கம்போல் நின்றிருக்கிறான். காவலாளி வெளியே வந்தாராம். செகுந்தோ என்று பெயர்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வாரமா பாக்கறேன். அந்தம்மா கார் திரும்பற வரைக்கும் வெயில்ல நிக்கிறீங்க. இனிமே கேட்டுக்கு உள்ள வந்து நில்லுங்க. நிழல் இருக்கு."

நிபால்தோவுக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்ததாம். அவரோ வேறொன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்துவிட்டது, மெட்ரோவுக்குத்தானே, சேர்ந்து போகலாம் என்றாராம். அவர் இறங்குவது கடைசி நிலையம்.

"மைப்பூவா?" என்றேன்.

"மைப்பூ. பத்தொம்பது வருஷமா போயிட்டு வர்றாராம். நுன்யோவாவுக்கு மாற வேண்டிய எடத்துல நான் எறங்கல. எறங்கணும்னு தோணல. அவரு தன் பொண்ணு நர்ஸ் படிப்பு முடிச்சதைப் பத்திச் சொல்லிட்டே வந்தாரு. கடைசி வரைக்கும் போயிட்டேன். அப்புறம் நீ சொன்ன வீட்டைத் தேடிப் போனேன்."

"போனியா?"

"வெளியில நின்னு பாத்தேன். அந்தம்மா செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தாங்க. குழாயைக் கையில பிடிச்சிட்டே 'யாரு நீ'ன்னாங்க. ஒத்திலியாவோட புருஷன்னு சொன்னேன். 'ஓ, வராம இருக்கறவனா'ன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க விரும்பவில்லை. எழுதி வைக்கிறேன், நான் சிரிக்க விரும்பவில்லை.

பிறகு அவன் அம்பாரோவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தான். "அன்னைக்கு உன்னைப் பொய் சொல்ல வச்சேன்ல, அது என் தப்பு" என்றான். அவள் தோளைக் குலுக்கினாள். "எனக்கு ஆறாவது மாடி பிடிச்சிருந்துச்சு" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

ஜனவரி 31

கையெழுத்தாயிற்று. இரண்டு பேரும். யோலாந்தா மூன்று மணி நேரம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 4

மகரேனாவிடம் சொல்லிவிட்டான். சொல்லும்போது காது இரண்டும் எரிந்ததாம். அவள் சொன்னது இதுதான்: "அட, முன்னாடியே சொல்லியிருந்தா மெட்ரோகிட்டயே எறக்கியிருப்பேனே! அந்தக் கேட்டு எனக்கு இருபது நிமிஷம் சுத்து."

அலுவலகச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் முன்னைப்போல் பேசுவதில்லையாம். கேட்டால், "பேசாட்டா போகட்டும்" என்கிறான். வலிக்கிறது அவனுக்கு. எனக்குத் தெரியும்.

மார்ச் 6

பள்ளி இரண்டாம் நாள். பக்கத்துத் தெருவில் ஞாயிறு முழுக்க ஒருவன் ஒலிபெருக்கியில் பாடுகிறான், சுருதி கிடையாது. குழாயில் தண்ணீர் நூல்போல வருகிறது. சந்தைக்குப் போனால் தூசி, திரும்பி வந்தால் தூசி. நான் சொர்க்கத்தில் இடம் தேடவில்லை என்று சொன்னது உண்மைதான், அதற்காக இப்படியா!

செலேஸ்தெ பின்பக்கச் சுவரை முடித்துவிட்டாள். பக்கவாட்டுச் சுவர் யாருடையது என்று ஒர்த்தென்சியாவிடம் பேச்சுவார்த்தை நடத்துகிறாள்.

மார்ச் 19

அவன் ஆறு மணிக்கு எழுந்து போகிறான், எட்டு மணிக்கு வருகிறான். மெட்ரோவில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டானாம். ஒண்ணேகால் மணி நேரம் என்று அவன் சொன்னது சரிதான். அதை அவனிடம் சொன்னேன். "தெரியும்" என்றான்.

ஏப்ரல் 11, வெள்ளி

திங்கள்கிழமையிலிருந்து எனக்கு ஆய்வகத்தில் வேலை. காலை ஷிப்ட்.

மத்தியானம் தபால்காரர் வேலிக்கு வெளியே நின்று நிபால்தோவின் முழுப்பெயரையும் தெருவே கேட்கும்படி கத்தினார். அலுவலகத்திலிருந்து நீளமான உறை, மருத்துவக் காப்பீட்டு அட்டையாக இருக்கும். நான் பிரிக்கவில்லை. மேசைமேல் வைத்தேன்.

வந்தான். கைகூடக் கழுவாமல் எடுத்தான். பிரிப்பதற்கு முன் உறையின் மேல் அச்சாகியிருந்த முகவரியை, தெரு, எண், மைப்பூ என்று வாய்விட்டுப் படித்தான்.