வேரில் முடிச்சு இல்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. இங்கே நலம் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டு வியாபாரி லாரியோடு வருகிறான். பதினாறு மாடும் போகின்றன. நம் கோணக்கொம்புப் பசுவும் சேர்த்துத்தான்.

அப்பாதான் அவனைக் கூப்பிட்டார். யாராவது கேட்டால் வயசாகிவிட்டது, முடியவில்லை என்கிறார். நடந்தது வேறு.

மேட்டுப் புல்வெளி உனக்குத் தெரியும். யூரியா போட்டால் பச்சை, போடாவிட்டால் கோழி கிளறிய குப்பை. இந்த வருஷம் யூரியாவுக்கு வழியில்லை. இரண்டாம் வருஷத்திலேயே கல்லூரியை விட்டு ஓடி வந்தவள் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புல்லுக்கு நடுவிலேயே குளோவர் விதையைத் தூவலாம், உழவே வேண்டாம் என்றேன். அந்த மூன்று இலைச் செடி காற்றில் இருக்கும் நைட்ரஜனை இழுத்து வேரில் வைத்துக்கொள்ளும், பக்கத்துப் புல்லும் அதில் பிழைக்கும். ஆனால் இழுப்பது செடி இல்லை. வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா. மண்ணில் அது இல்லையென்றால் விதையில் பூசித்தான் தூவ வேண்டும்.

பூசுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் சண்டை. ஏற்கெனவே குளோவர் வளர்ந்த நிலமாக இருந்தால் பூசத் தேவையில்லை என்று விதைக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அப்பா அதையே பிடித்துக்கொண்டு நின்றார். நம் மேட்டில் அது எப்போது வளர்ந்தது என்று கேட்டேன். தான் பார்த்து அது வளர்ந்ததில்லை என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "நாப்பது வருஷமா கிருமியக் கொன்னு கொன்னுதான் பால் கறக்குறேன். இப்ப அதுக்குச் சோறு போட்டு வளக்கச் சொல்ற. படிப்ப விட்டாலும் திமிர விடல நீ." அம்மா போனதற்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாடுகளை விட்டுப் புல்லை ஒட்ட மேய வைத்தோம். டிராக்டரில் முள்சட்டம் கட்டி மண்ணைக் கீறிவிட்டேன். தூவுகிற அன்று காலை, நான் கேட்பதற்கு முன்னாலேயே கறவைக் கொட்டகையிலிருந்து அப்பா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரையைக் கரைத்து, பாக்டீரியா கலந்த கறுப்புத் தூளைப் போட்டு விதையைப் புரட்டினேன். விதை ஒவ்வொன்றும் மை தடவின மாதிரி ஆனது. நிழலில் உலர்த்தி அன்றைக்கே தூவினோம். கை நடுங்குகிறது அவருக்கு. ஆனாலும் பாதி மேட்டை அவர்தான் தூவினார். நடுங்குகிற கைக்குத் தூவுவது சுலபம் என்று ஜோக் வேறு.

முளைத்தது. அதுதான் கொடுமை. முளைக்காமலே இருந்திருக்கலாம். அப்பா தினமும் போய்க் குத்தவைத்துப் பார்த்துவிட்டு வருவார். ஆறு வாரம் கழித்து எல்லாம் மஞ்சளாக ஆரம்பித்தது. பத்து இடத்தில் தோண்டி வேரைக் கழுவிப் பார்த்தேன். கடுகு மாதிரி முடிச்சுகள் இருக்க வேண்டும், கிள்ளினால் உள்ளே ரோஸ் நிறம் தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை. வெறும் வெள்ளை நூல்.

தூள் காலாவதியாகவில்லை. ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன், வெயிலே படவில்லை. ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு நாள் காலை மடி கழுவ அப்பா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடுவதற்குள் அவர் கை தானாகக் குளோரின் கேனை எடுத்து ஊற்றியது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தக் கொட்டகையில் நிறைகிற ஒவ்வொரு வாளிக்கும் அப்படித்தான். எனக்கு எடுத்துவந்த வாளிக்கும் அப்படித்தான். விதையில் பூசின பாக்டீரியா அந்தத் தண்ணீரிலேயே செத்திருக்கும். கொட்டகை, துணி, அவர் கை எல்லாமே அந்த வாசனைதான் என்பதால் எனக்கு அன்றைக்கு மூக்கில் ஏறவே இல்லை. நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் தன் மண் செத்துப்போய்விட்டது என்றும் தான்தான் யூரியாவாகக் கொட்டிக் கொன்றுவிட்டதாகவும் புலம்ப ஆரம்பித்தார். வியாபாரிக்கும் போன் போட்டுவிட்டார். தாங்க முடியாமல் போய்ச் சொன்னேன். மண்ணுக்கு ஒன்றும் இல்லை, நான்தான் புத்தி கெட்டுப்போய் அந்த வாளியைக் குளோரின் ஊற்றிக் கழுவினேன் என்றேன்.

என்னையே பார்த்தார். "நீ என்னைக்கு வாளி கழுவியிருக்க?" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. வலது கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொட்டகைக்கு வரவில்லை. நாலு நாளாக நான்தான் தனியாகக் கறக்கிறேன். தட்டில் வைத்த சோறு வைத்தபடி திரும்பி வருகிறது. ராத்திரி இருமலாவது கேட்கும், இப்போது அதுவும் இல்லை. போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.

திரும்ப விதைக்கலாமே என்று நீ கேட்பாய். அடுத்த மழை ஈரத்துக்கு நாலு மாதம் இருக்கிறது. வைக்கோல் இருபது நாளுக்குத்தான் வரும். நானும் எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்துவிட்டேன். மாடுகளைக் காப்பாற்ற உன்னைக் கூப்பிடவில்லை. அது முடிந்துபோன கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று உன்னைப் போடா என்று சொன்னாரே, அதை நீ இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாய். வைத்துக்கொள். இங்கே வந்து வைத்துக்கொள். அவரோடு பேசக்கூட வேண்டாம்.

மாடுகள் வேறு யார் இழுத்தாலும் லாரிப் பலகையில் கால் வைக்காது. ஒவ்வொன்றாக நான்தான் லாரிக்குள் கூட்டிப்போக வேண்டும். பதினாறு தடவை ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு நேரமும் அப்பா வாசலில் தனியாக நிற்பார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடு. அவர் பக்கத்தில் நில்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி