அரை அழுத்தம்

நிலவு, தென்துருவ முகாம். இருவர் பணியில். பதிவு: மரகதவல்லி.

நாள் 212, 09:10

சூசையின் கேமராவில் மின்கலம் நேற்றும் காலி, காலையில் ஏற்றிக் கொடுத்தேன். நேற்று அறுபத்து மூன்று முறை விழித்திருக்கிறது. எடுத்த படங்களோ நான்கு. முப்பது வினாடி தொடாவிட்டால் தூங்கும். படமெடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தினால் விழிக்கும், அழுத்தியபடியே இருந்தால் தூங்காது. இதில் என்ன குழப்பம்? அவன் விசையை அணைக்காமல் மார்பில் தொங்கவிட்டு நடக்கிறான். பொத்தான் உடையின் கொக்கியில் உரசி உரசி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்பும் இங்கே என் திரையில் வந்து விழுகிறது, எரிச்சலாக இருக்கிறது.

பனி அளக்கக் குகைக்குப் போய்க்கொண்டிருந்தவனை வானொலியில் திட்டினேன். பதில்:

"யக்கா, அது முழிச்சா ஒங்களுக்கு என்ன? சூசை நடமாடுதான்னு நெனச்சுக்கிடுங்க."

10:40

தரை அதிர்ந்தது. அலமாரி சாய்ந்தது. குகை வாயில் சரிந்துவிட்டது. சூசையின் குரல் இல்லை. முகாமிலிருந்து குகைக்குள் வரை தரையில் பதித்த கம்பி மட்டும் அறுபடவில்லை. கேமராவின் சமிக்ஞை அதன் வழியே வருகிறது. அவனிடம் 15:30 வரைதான் காற்று.

11:15

பூமியிலிருந்து இயக்குநர் ஞானவேல்:

"சரிவு இன்னும் நிக்கல. அவர் உயிரோட இருக்கார்னு ஏதாவது அடையாளம் உண்டா? இல்லேன்னா நீங்க வெளிய போகக் கூடாது."

இல்லை என்றேன். கேமரா விழிக்கிறதே என்று கேட்டார். அது எப்போதும் அப்படித்தான், கொக்கியில் உரசும் என்றேன். காலையில் நானே எழுதிய குறை அல்லவா.

12:50

உட்கார முடியவில்லை. அலமாரியை நிமிர்த்தினேன். கையுறைகளை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். திரை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. விழிப்பு. உறக்கம். விழிப்பு. அதை மூடிவிட்டேன்.

14:05

என் கேமராவை அணைக்காமல் மார்பில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். ஒரு முறைகூட விழிக்கவில்லை. எழுந்து நடந்தேன், விழித்தது.

பொத்தான் தானாக உரசாது. ஆள் அசைய வேண்டும்.

திரையைத் திறந்து நேரங்களைப் பார்த்தேன். 10:50. 10:55. 11:00. 11:05. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றுகூடத் தவறவில்லை. உரசல் கடிகாரம் பார்க்குமா? மூன்று மணி நேரத்துக்கு மேலாக அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் கையுறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூமிக்குச் சொல்லிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

15:12, குகை வாயில், குரல் பதிவு

தோண்டுகிறேன். கல் பெரிது. 15:10க்கு விழித்தது, மணிக்கட்டுத் திரையில் பார்த்தேன். சூசை, வந்துட்டேன்டா.

15:20

விழித்தது.

15:25

வரவில்லை.

15:31

வரவில்லை. ஆனால் உறக்கமும் வரவில்லை. 15:20க்கு விழித்தது இன்னும் தூங்கவில்லை. அழுத்திப் பிடித்திருக்கிறான். விடாதே. விட்டுவிடாதே.

15:52

கை தெரிகிறது. பொத்தான் மேல் விரல், பாதி அழுத்தியபடி. கூப்பிட்டேன். உலுக்கினேன். விரல் கையுறைக்குள் விறைத்துப் போயிருந்தது. அவன் காற்று அளவி பூச்சியத்தில் நின்றது.

இந்தப் பதிவைப் படிப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். கேமராவில் குறை எதுவும் இல்லை.

விரலை நான்தான் எடுத்தேன். முப்பது வினாடி கழித்து அது தூங்கிவிட்டது.