றஸ்மியாவின் மூக்கு

அலுவிகாரையில் கடை வைத்திருக்கும் பஸீருக்குத் தன் மனைவி றஸ்மியாவின் மூக்கு ஒரு பெரிய பகிடி. வருஷக்கணக்காக அது ஒழுகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கண்டியில் ஒரு புதுச் சிகிச்சையைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் பெயர் கொடுத்தாள். வெட்டுத் தையல் இல்லை. மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டு நரம்பை உறையவைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பேருக்கு வெறும் குழாயை விட்டு எடுப்பார்கள். "ஒனக்கு வெறுங்குழாய்தான்" என்று பஸீர் சிரித்ததில் சண்டை மூண்டது.

காலையில் அவள் கண்டிக்குப் போய்விட்டிருந்தாள்; குக்கர் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வழக்கம்போல மகளின் பெயர் சொல்லி அவனை அழைத்திருந்தாள்.

"அஸ்ராட வாப்பா, ஸலாம். கோபம் இன்னும் போகல்ல. சோறு இதுக்குள்ள, கோழிக்கறி பிரிட்ஜில. சுடவைக்கத் தெரியாட்டி கறிக்கு முன்னால நின்டு சிரிங்க. கேஸ்காரர் வருவாரு, வெறும் சிலிண்டர வெளிய வைங்க. எனக்கு எந்தக் குழாய்னு டாக்டர்மார் இப்ப சொல்லமாட்டாங்களாம்."

அடியில், இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாள்:

"மறந்துட்டேன். மூக்கு தெறந்தா மொதல்ல ஒங்கட சட்டைகளத்தான் மோந்து பார்ப்பேன். சிகரட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினீங்கதானே."

பின்னேரம், மூக்கில் பஞ்சோடு அவள் திரும்பியபோது கொடியில் இடமே இல்லை. பஸீரின் சட்டைகள் எல்லாம், பெருநாளுக்கு வாங்கி இன்னும் உடுத்தாத புதுச்சட்டை உட்பட, சொட்டச் சொட்டத் தொங்கின.

"இப்ப ஏதும் மணக்குதா?" என்று பஸீர் மெல்லக் கேட்டான்.

அவளுக்குச் சவர்க்கார வாசம்கூட வரவில்லை.

"நல்லா மணக்குது" என்றாள்.